கூடைக்காரியின் பொட்டு

பொட்டை நான் எப்போதும் கடைசியில்தான் வைப்பேன். முகம், தலையில் மாட்டிய கூடைக் கயிறு, இடுப்பில் சுற்றிய படங்குத் துணி, நீட்டிய கை எல்லாம் முடிந்து மை காய்ந்த பிறகு, தடித்த பேனாவால் நெற்றியில் ஒரு குத்து. அதோடு கூடைக்காரிக்கு உயிர் வந்துவிடும் என்று எனக்குள் ஒரு நினைப்பு. பல வருடங்களாக ஞாயிறு பத்திரிகையில் வாராவாரம் வருகிறவள் அவள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். வாய் மட்டும் நாலு முழம். வேலை வாங்குகிற கங்காணியை மடக்குவாள், கணக்குப்பிள்ளையை மடக்குவாள், சில வாரம் தோட்டம் நடத்துகிற தொரைக்கே பதில் சொல்ல முடியாமல் பண்ணிவிடுவாள். அவள் புருஷனை நான் வரைந்ததே இல்லை. லயத்து வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து "தேத்தண்ணி ஆச்சா?" என்று அவன் குரல் மட்டும் ஒரு பேச்சுக் குமிழில் வரும்.

அந்த வியாழக்கிழமை பத்திரிகை ஆசிரியர் தொலைபேசியில் என்னைக் குடைந்துகொண்டிருந்தார். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும்; பதுளை டவுனில் பாதிப்பேருக்கு இது தெரியும். மூன்றாவது அழைப்பில் "இந்தா அனுப்புறேன், ஆளை விடுங்க" என்று கத்திவிட்டு, படத்தைக் கைபேசியில் பிடித்து அனுப்பினேன். பொட்டு வைக்க மறந்துவிட்டேன். இடம் போதாததால் புருஷனின் குமிழும் அந்த வாரம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே முதல் அழைப்பு வந்தது. வெலிமடையில் லீக்ஸ், உருளைக்கிழங்கு வியாபாரம் செய்கிறவர். ஒவ்வொரு வாரமும் படம் பார்த்துவிட்டு எடுத்துப் பேசுவார்.

"என்னங்க சேர், அந்த மனுசனுக்கு என்னாச்சு? போன வாரம்கூட தேத்தண்ணி கேட்டானே."

"எந்த மனுசன்?"

"கூடைக்காரி வீட்டுக்காரன்தான். பொட்டு இல்லையே அவளுக்கு."

பத்திரிகையை விரித்துப் பார்த்தேன். வெறும் நெற்றி. தலையில் அடித்துக்கொண்டேன். அதற்குள் அடுத்த அழைப்பு, தெமோதரையிலிருந்து. பிறகு எங்கள் தெருவிலேயே இருக்கும் யாழ்ப்பாணத்து டொக்டர் ஐயா, ஓய்வுபெற்றவர், ஊன்றுகோலோடு வாசலுக்கே வந்துவிட்டார். "என்ன தம்பி, அந்த ஆளுக்கு ஏதும் வருத்தம் இருந்ததோ? ஒருக்காலும் சொல்லேல்லையே நீர்" என்று கேட்டார். நோய் நொடி விசாரிக்கிற வைத்தியராகவே கேட்டார். எனக்குச் சிரிப்பதா எரிச்சல்படுவதா என்று தெரியவில்லை. வாசலில் நின்றபடியே "வயசாச்சு, எனக்கு மறதி, அவ்வளவுதான்" என்று எரிந்து விழுந்தேன். அவர் நம்பவில்லை. நான் எதையோ மறைக்கிறேன் என்பதுபோல் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆசிரியர் ஒரே வரியில் முடித்துவிட்டார். "அடுத்த வாரம் பொட்டை வச்சிடுங்க, கீழே தவறுக்கு ஒரு வருத்தம் போட்டுடலாம்." எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

புதன்கிழமை பூனாகலைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பாடசாலைக்குப் போக வேண்டியிருந்தது. பிள்ளைகளுக்குக் கேலிச்சித்திரம் வரையக் காட்டித் தருவதாக ஒரு மாதத்துக்கு முன்பே அங்குள்ள சித்திர டீச்சரிடம் சொல்லியிருந்தேன். பண்டாரவளையில் பஸ் மாறி, வளைவுகளில் குடல் புரண்டு, போய்ச் சேரும்போது பத்து மணி. வழக்கமாக நான் போகிற பாடசாலைகளில் பிள்ளைகள் "கூடைக்காரி, கூடைக்காரி" என்று கத்துவார்கள். இங்கே ஒரு சத்தமும் இல்லை. எல்லோரும் எழுந்து நின்றார்கள், உட்காரவில்லை. மேசை மேல் ஒரு சொப்பிங் பேக் இருந்தது. பிரித்துப் பார்த்தேன். சீனி, தேயிலைத் தூள், ஒரு பாக்கெட் பிஸ்கட்.

"மடுவத்துல பொம்பளைங்க சேர்ந்து குடுத்தாங்க சேர்" என்றாள் டீச்சர். மடுவம் என்பது கொழுந்து நிறுக்கிற கொட்டகை. "சாவு வீட்டுக்கு வெறுங்கையோட போகக் கூடாதுன்னு சொன்னாங்க. நீங்கதான் கூடைக்காரிக்கு நெருங்கின ஆளாம்."

நான் அந்தப் பையைப் பிடித்தபடி நின்றேன். பேனாவால் கிறுக்கிய ஒருத்திக்கு, நாள் முழுக்க மலையேறிக் கொழுந்து பறிக்கிறவர்கள் சீனி அனுப்பியிருக்கிறார்கள். என் வாழ்க்கையில் எந்தப் பரிசும் என்னை இப்படி மலைக்க வைத்ததில்லை. என் கோபம் போன இடம் தெரியவில்லை. "மறந்துபோச்சு பிள்ளைகளா" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் பின் வரிசையில் பதினோராம் வகுப்புப் பிள்ளை ஒன்று சொன்னது, "சேர், அடுத்த வாரம் பொட்டு வச்சிடாதீங்க."

"ஏன்?"

அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. டீச்சர்தான் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னாள். அந்தப் பிள்ளையின் அப்பா இறந்து எட்டு மாதம். அம்மா இந்தத் தோட்டத்திலேயே பெரிய வாயாடி. அவள் கொழுந்து பறிக்கிற நிரையில் சிரிப்புச் சத்தம் அடுத்த மலைக்குக் கேட்குமாம். கூடைக்காரியே இவளைப் பார்த்து வரைந்ததுதான் என்று ஊரில் பேச்சு; நான் அவளைக் கண்டதே இல்லை. புருஷன் போன நாளிலிருந்து அந்த வாய் மூடிக்கொண்டது. மகளிடம்கூட "சாப்பிடு", "தூங்கு" தவிர வேறில்லை. ஞாயிறு பத்திரிகை அந்தத் தோட்டத்துக்குத் திங்கட்கிழமைதான் போய்ச் சேரும். மடுவத்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருத்தி வாசிப்பாள், மற்றவர்கள் கூடையை இறக்கிவிட்டுச் சுற்றி நிற்பார்கள். அந்தத் திங்கட்கிழமை இவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பத்திரிகையை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தாளாம்.

"பாத்துட்டு, 'இவளும் தாலி அறுத்துட்டாளா?'ன்னு கேட்டாங்க சேர். அன்னைக்குத்தான் திரும்ப வாயத் திறந்தாங்க. 'இனிமே இவ பேசுவாளா?'ன்னு அடுத்ததாக் கேட்டாங்க. யாருக்கும் பதில் தெரியல."

பொட்டை வைத்தால் அந்த அம்மாள் மறுபடி தனி. பொட்டை வைக்காமல் கூடைக்காரியை ஒரு மூலையில் உட்கார வைத்து அழவிட்டால், அதுதான் பதில் என்று அந்த அம்மாள் எடுத்துக்கொள்வாள். என் மறதி இவ்வளவு தூரம் நடந்து வந்து ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. பயமாக இருந்தது. சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே பயம்.

வகுப்புக்குள் போய், கரும்பலகையில் கூடைக்காரியை வரைந்தேன். பொட்டு இல்லாமல். எதிரே கங்காணி. கங்காணியின் குமிழில் "என்னா, கூடையில பாதிதான் இருக்கு?" என்று எழுதினேன். அவள் குமிழைக் காலியாக விட்டேன்.

"இவள் என்ன சொல்வாள்? எனக்குத் தெரியாது. நீங்கள் எழுதுங்கள்."

அது பாடம் நடத்துகிற தந்திரமில்லை. எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. டவுனில் பிறந்து வளர்ந்தவன் நான். கூடை தூக்கியதில்லை, புருஷனைப் பறிகொடுத்தவளின் பக்கத்தில் நிரை பிடித்ததில்லை. பிள்ளைகள் எழுதிக் கொடுத்ததெல்லாம் கண்ணீரும் கம்பலையுமாக இருந்தது. "என் நிலைமை இப்படி ஆகிவிட்டதே" என்று ஒரு பையன். படித்துவிட்டு நானே அழுதுவிடுவேன் போலிருந்தது. கடைசியில் அந்தப் பிள்ளை ஒரு கொப்பித் தாளை நாலாக மடித்துக் கொண்டுவந்து தந்தது.

"அம்மா முந்தி ஒருக்கா கங்காணிக்கிட்ட சொன்னது சேர்."

விரித்துப் படித்தேன். "நான் கேட்டாக் கொழுந்து வர மாட்டேங்குது. நீங்க வந்து ஒரு அதட்டு அதட்டுங்க கங்காணி, உங்களக் கண்டாத்தான் எல்லாம் பயப்படுது."

விழுந்து விழுந்து சிரித்தேன். பல வருடங்களாக நான் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய எதிலும் இந்த ருசி இல்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவ்வளவு நாளும் அந்த அம்மாளின் வாயால் பிழைத்தவன் நான்தான் போலிருக்கிறது.

மறுநாள் அதையே வரைந்து அனுப்பினேன். அரை மணி நேரத்தில் ஆசிரியர் பிடித்துக்கொண்டார்.

"பொட்டு எங்கே?"

"அவ புருஷன் செத்துட்டான்."

"எப்போ?"

"போன வாரம். உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

"வருத்தம் போட வேணாமா அப்போ?" என்று கேட்டார். அதை எல்லோரும் ஏற்கெனவே பட்டுவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

திங்கட்கிழமை முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. செவ்வாய் மத்தியானம் டீச்சர் ஒரு படம் அனுப்பினாள். மடுவத்துச் சுவரில் பத்திரிகைத் துண்டு ஒட்டியிருந்தது. கறுப்பு வெள்ளைக் கூடைக்காரியின் நெற்றியில் சிவப்பாக, விரல் நுனி அகலத்துக்கு, குங்குமம். எனக்குக் கோபம் சுரீர் என்று ஏறிவிட்டது. உடனே அழைத்தேன்.

"யார் அதைச் செய்தது? பொட்டு வேண்டாம் என்று அந்தப் பிள்ளை சொன்னதே! அந்த அம்மாள் பார்த்தால் என்ன நினைப்பாள்?"

"அவங்க இங்கதான் இருக்காங்க சேர். நீங்களே கேளுங்க."

தொலைபேசி கை மாறியது. பின்னால் தராசுச் சங்கிலி ஆடுகிற ஓசை. பிறகு நான் வாழ்நாளில் முதல் தடவையாக அந்தக் குரலைக் கேட்டேன். கூடைக்காரிக்கு இத்தனை காலமாக என் மனதில் நான் வைத்திருந்த குரல், கொஞ்சமும் மாறாமல் அப்படியே.

"நாந்தாங்க வச்சேன்" என்றாள். "இவ்ளோ பேச்சுப் பேசுறவளுக்கு நெத்தி சும்மா கெடந்தா நல்லாவாங்க இருக்கு?"

கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டுவிட்டேன். "அப்போ உங்க நெத்தியிலம்மா?"

"வெரல்ல மிச்சம் இருந்துச்சுங்க" என்றாள். "அதப் போயி யாராச்சும் கழுவி வீணாக்குவாங்களா?"

அவளைச் சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சத்தத்தில் டீச்சர் என்ன சொன்னாள் என்றே கேட்கவில்லை. கைபேசியைக் காதிலேயே வைத்துக்கொண்டு, அது ஓயும்வரை உட்கார்ந்திருந்தேன்.

நான் மறந்துதான் போனேன் என்று அந்தத் தோட்டத்தில் இதுவரை சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அந்தச் சீனியில்தான் பத்து நாள் தேத்தண்ணி குடித்தேன். அடுத்த வியாழக்கிழமை வரைய உட்கார்ந்தபோது, வெள்ளைத் தாளில் பொட்டைத்தான் முதலில் வைத்தேன். முகத்தை அதற்குப் பிறகுதான் வரைந்தேன்.