மொன்றியால் மேடையில் விழுந்த இரண்டு டாலர்

ஆர்வில் ஹ்ரின்சுக் கனடாவின் மேற்கே ஆல்பர்ட்டாக்காரர், எண்ணெய்க் குழாய்களுக்கு வெல்டிங் செய்பவர். வேலை இழுத்த இழுப்புக்குக் கண்டம் முழுக்க அலைந்தவர். அலைந்த ஊர்களில் தேவாலயம் எங்கே என்று கேட்டால் தலையைச் சொறிவார். பெண்கள் உடை களைந்து ஆடும் கிளப் எங்கே என்று கேட்டால், வாசல் எந்தத் திசை பார்த்தது என்பது வரை சொல்வார். டெக்ஸாஸில் சில இடங்களுக்கு பியரை நாமே தூக்கிக்கொண்டு போக வேண்டும். போர்ட்லண்டில் மேடையோரம் உட்கார்ந்துவிட்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் நோட்டு வைக்காதவன் மனிதனே இல்லை. அவருடைய சொந்த ஊரான கிராண்ட் பிரேரியிலோ நாணயத்தை எறிய வேண்டும். ஆடுகிறவள் தன் படம் போட்ட சுவரொட்டியைப் புனல் மாதிரி சுருட்டிப் பிடிப்பாள். காசு உள்ளே விழுந்தால், சுவரொட்டி காசு எறிந்தவனுக்கு. ஆர்விலின் கராஜ் சுவரில் வெள்ளையடிக்க இடமில்லை.

இத்தனை ஞானத்தோடு மகள் டமாராவின் கல்யாணத்துக்காக மொன்றியால் வந்தார். மாப்பிள்ளையின் அப்பா ரேஜான் லகாஸ் மருந்துக்கடை முதலாளி. துடைத்துவைத்த மூக்குக்கண்ணாடி போன்ற மனிதர். ஆர்விலுக்கு ஒரே பயம்தான். மேற்கிலிருந்து ஒரு காட்டான் வந்திருக்கிறான் என்று இவர்கள் நினைத்துவிட்டால், அது டமாராவின் தலையில்தான் விடியும்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம் ரேஜான் அவரைத் தனியே அழைத்தார்.

"வாங்க சம்பந்தி, ஊர் சுத்திக் காட்டறேன்."

காட்டிய ஊர் ஒரே ஒரு கட்டடத்துக்குள் இருந்தது. உள்ளே ஆண்கள் பல்டாக்டரிடம் காத்திருப்பவர்களைப் போல அடக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் ஒருத்தி ஆடிக்கொண்டிருந்தாள். யாரும் எதையும் எறியவில்லை. இங்கே மேடைக்கு யாரும் காசு தருவதில்லை, ஆட்டம் முடிந்தபின் தனியறைக்கு அழைத்துத்தான் தருவார்கள் என்பது ஆர்விலுக்குத் தெரியாது. கிழக்கத்தியர் கஞ்சர்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். சம்பந்திக்கு முன்னால் நாமாவது கை தாராளம் காட்டுவோம் என்று இரண்டு டாலர் நாணயத்தைச் சுண்டினார்.

குறி தவறவில்லை. முழங்காலில் பட்டது.

பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் நின்றுவிட்டாள். காவலாள் ஒருவன் வந்து ஆர்விலின் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். அவள் மேலங்கியைப் போர்த்திக்கொண்டு இறங்கி வந்தாள்.

"உங்க விருந்தாளியா, மிஸ்யூ லகாஸ்?"

ரேஜான் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். தன் பெயர் இவளுக்கு எப்படித் தெரியும் என்று அவரும் சொல்லவில்லை, ஆர்விலும் கேட்கவில்லை.

"சம்பந்தி. நாளைக்குக் கல்யாணம். மேற்குப் பக்கத்துக்காரர், பழக்கம் தெரியாது."

"ஆல்பர்ட்டாதானே? எறிஞ்ச தினுசுலயே தெரிஞ்சுது. நானும் அங்க ஒரு குளிர்காலம் ஆடியிருக்கேன்." அவளுக்குக் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் ஆர்வில் பிழைத்திருப்பார். "சில பேர் காசை லைட்டர்ல சூடு காட்டி எறிவாங்க. தொடையில இன்னும் வட்டமா இருக்கு."

"நான் அப்படிச் செஞ்சதே இல்லம்மா. சத்தியமா இல்ல."

"செஞ்சவங்க பக்கத்துல உக்காந்திருந்தீங்களா?"

ஆர்வில் அவர்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். சிரித்துமிருந்தார். ஒருமுறை அந்த லைட்டரே அவருடையதுதான். சிகரெட்டுக்கு என்று கேட்டு வாங்கினார்கள், சிகரெட்டுக்கு இல்லை என்று தெரிந்த பிறகும் திருப்பிக் கேட்கவில்லை. ஆர்வில் தலையைக் குனிந்துகொண்டார். ரேஜான் துடைப்பதை நிறுத்தி அவரைப் பார்த்தார். காட்டான் என்ற அந்தப் பார்வைக்குத்தான் ஆர்வில் இத்தனை நாள் பயந்திருந்தார்.

கார் வீட்டு வாசலில் நின்றதும் ரேஜான் சொன்னார்: "நாம மியூசியம் போனோம். என் பொண்டாட்டிகிட்ட அப்படித்தான் சொல்லியிருக்கேன்."

"சரி சம்பந்தி."

"உங்களுக்காக இல்ல. எனக்காக."

இரவுச் சாப்பாட்டு மேசையில் டமாரா உட்பட எல்லாரும் இருந்தார்கள். ரேஜானின் மனைவி சோலாஞ்ச் உற்சாகமாகக் கேட்டாள்: "மியூசியத்துல எது பிடிச்சுது அண்ணா?"

ரேஜான் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு பொண்ணோட படம்," என்றார் ஆர்வில். "தொடையில சூடு பட்ட தழும்பு."

"அய்யோ பாவம். யார் பண்ணினது அது?"

டமாரா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அந்த கராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த பெண் அவள்.

"எங்க ஊர்க்காரங்கதான்," என்றார் ஆர்வில், தட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.