எடைக் கூடத்தின் தற்காலிகத் தலைவி

மொரீஷியஸின் தெற்குப் பகுதிக்குப் போக வழி கேட்டு மூன்று வாசகர்கள் எழுதியிருந்தார்கள். கடற்கரைகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுதப்போவது கரும்புக்காட்டுக்கு நடுவில் இருக்கும் ஒரு பழைய எடைக் கூடத்தைப் பற்றி. அங்கே இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை போனது 1967 அக்டோபரில், அந்தத் தீவு சுதந்திரம் அடைய ஐந்து மாதம் இருந்தபோது. அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. சுற்றிப் பார்க்கப் போகவில்லை, என் அக்கா சுலோசனாவைக் கூட்டி வரப் போனேன்.

அக்கா தமிழ் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு அங்கே போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. ஒப்பந்தம் முடிந்தும் திரும்பவில்லை. புரசைவாக்கத்தில் அப்பாவுக்குக் கண் பார்வை குறைந்துகொண்டே வந்தது. முழுக்கப் போவதற்குள் அவள் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று தினமும் சொல்வார். மூன்று கடிதத்துக்கும் “இன்னும் கொஞ்ச நாள்” என்றே பதில் வந்ததால் என்னை அனுப்பினார்கள்.

பம்பாயிலிருந்து கப்பல். கீழ் வகுப்பில் போக வரச் சாப்பாட்டோடு 860 ரூபாய், பத்து நாள் பயணம். (முதல் நான்கு நாள் சாப்பாட்டுக்கு நான் கொடுத்தது வீண்.) போர்ட் லூயிஸில் காலை ஏழு மணிக்கு இறங்கினேன். அதே கப்பல் மேற்கே போய்ப் பன்னிரண்டாம் நாள் திரும்பி வரும். அதில் எங்கள் இருவருக்கும் இடம் பதிவாகியிருந்தது.

மாயெபூர் போகும் பேருந்து 9.20க்குப் புறப்பட்டது. பிளேன் மாக்னியன் வரை ஏறத்தாழ இருபத்தேழு மைல், ஒன்றே முக்கால் மணி நேரம், கட்டணம் அந்த ஊர்க் காசில் ஒரு ரூபாய் இருபது சதம். ஓட்டுநரின் நெற்றியில் விபூதியைப் பார்த்துத் தமிழில் பேசினேன். அவர் சிரித்துக்கொண்டே, தனக்குத் தெரிந்த தமிழ் “வணக்கம்”, “அரோகரா” இரண்டும்தான் என்று அந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலிலும் சைகையிலுமாகச் சொன்னார். ஆனால் “மதாம் சிலோசனா” என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. நிறுத்தம் இல்லாத ஓர் ஒற்றையடிப் பாதையருகே இறக்கிவிட்டார். அங்கிருந்து கரும்புக்கு நடுவே இரண்டு மைல் நடை.

எடைக் கூடம் ஒற்றை அறை, கருங்கல் சுவர், தகரக் கூரை. முப்பத்தேழில் தொழிலாளர் கிளர்ச்சி நடந்தபோது, கரும்பின் எடையில் ஏமாற்றுகிறார்கள் என்று இங்கேதான் திரண்டிருக்கிறார்கள். துப்பாக்கிச் சூடும் நடந்திருக்கிறது. பின்னாளில் அந்தக் குடும்பங்களே ஒரு சங்கம் வைத்து, தோட்ட முதலாளிகளிடம் பேசி அதை நினைவிடமாக வாங்கியிருந்தன. உள்ளே ஒரு பெரிய தராசு, வெட்டுக் கத்திகள், சுவரில் ஒரு மரப்பலகை. பலகையில் வேலைநிறுத்தத்தில் கடைசிவரை நின்ற முப்பத்தொரு பேரின் பெயர்கள்.

அக்கா அந்தப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் துணியைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். இளைத்திருந்தாள்.

அவள் திரும்பாததன் காரணம் அன்று மாலை தெரிந்தது. சங்கத் தலைவர் பக்கவாதத்தில் படுத்துவிட்டார். சுதந்திரம் வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களுமாகச் சங்கம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஒரு பக்கத்து ஆளை மறு பக்கம் ஏற்காது. அங்கே ஓட்டில்லாத, எந்தப் பக்கமும் சேராத ஒரே ஆள், ஞாயிறுதோறும் வந்து அங்கிருந்த பொருட்களுக்குப் பெயர்ச்சீட்டுகள் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த என் அக்கா. தற்காலிகத் தலைவியாக்கிச் சாவியைக் கொடுத்திருந்தார்கள். திறக்கலாம், பெருக்கலாம், எதையும் மாற்றக் கூடாது.

மூன்றாம் நாள் மதாம் அர்னாசெலோம் வந்தார். அறுபதைத் தாண்டிய விதவை. அந்தப் பெயர் நம் அருணாசலம்தான் என்று எனக்குப் புரிய ஒரு நாள் ஆனது. வாரம் தவறாமல் வருவாராம். பலகையின் அடியில் இருந்த வெற்றிடத்தைத் தொட்டு, “மோ மாரி. மெத் சோ நோம் லா, அக்கா,” என்றார். என் புருஷன், அவர் பெயரை இங்கே போடு என்று அர்த்தம். அவருடைய கணவர் வேலைநிறுத்தத்தின் ஐந்தாம் நாளே, துப்பாக்கிச் சூடு நடந்த அன்றே, வேலைக்குத் திரும்பியவர். அதனால் பெயர் இல்லை. காட்டிக்கொடுத்தவன் என்ற பேச்சு முப்பது வருடமாக அந்தக் குடும்பத்தைத் துரத்தியது.

அக்காவிடம் சாயமும் தூரிகையும் இருந்தன. ஆனால் தனக்கு அந்த உரிமை இல்லை என்று அவரிடம் சொன்னாள், சங்கத்தைக் கூட்டிக் கேட்கிறேன் என்றும் சொன்னாள். ஆறு மாதமாக யாரும் கூடாத சங்கம் அது. நான்கு நாள் நாங்கள் இருவரும் மாயெபூர் மீன் சந்தைக்கும் பிளேன் மாக்னியன் வீடுகளுக்கும் அலைந்தோம். சிலர் கதவையே திறக்கவில்லை. எனக்கோ கப்பல் தேதிதான் மனசில் ஓடியது.

கப்பலுக்கு இரண்டு நாள் முன்பு, புதன் மாலை ஐந்து மணிக்குப் பத்தொன்பது பேர் வந்தார்கள். இரண்டு சுவரோரமாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். அக்கா விஷயத்தைச் சொன்னதும் ஒரே சத்தம். ஓடிப்போனவன் பெயரைப் போட்டால் மற்றப் பெயர்களுக்கு என்ன மரியாதை என்பதில் மட்டும் இரு பக்கமும் ஒன்றாக இருந்தது.

அப்போது ரேமோன் என்ற கிரியோல் மீனவர் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தார். பலகையில் நான்காவதாக இருந்தது அவர் பெயர். “லி மெம் தி சார்யே ம்வா,” என்றார். என்னைச் சுமந்தது அவன்தான்.

அவர் சொன்ன மீதியை அக்கா எனக்குத் தமிழில் மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். சூடு நடந்த அன்று தோட்டத்து மாட்டு வண்டியை எடுக்க வேலையில் இருப்பவனால்தான் முடியும். அர்னாசெலோம் வேலைக்குத் திரும்பி, குண்டடிபட்ட மூன்று பேரைக் கரும்புச் சோகைக்கு அடியில் மறைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கிறார். வெளியே தெரிந்தால் அவருக்குச் சிறை என்பதால் மூவரும் பேசவில்லை. அவர் செத்த பிறகு, இத்தனை நாள் பேசாததே வெட்கமாகி ரேமோன் அதற்குப் பிறகும் வாய் திறக்கவில்லை. மற்ற இருவரும் இப்போது உயிரோடு இல்லை.

அதற்குப் பிறகு ஓட்டெடுப்பே தேவைப்படவில்லை. சங்கத்தின் செயலாளர் தூரிகையை எடுத்து மதாம் அர்னாசெலோம் கையில் கொடுத்தார். அவருக்கு எழுதத் தெரியாது. அக்கா அவர் கையைப் பிடித்து எழுத வைத்தாள்.

கூட்டம் கலையும்போது இரு பக்கமும் அவளிடம் கேட்டது ஒன்றுதான். சுதந்திரம் வரும்வரை இருங்கள், அதற்குள் ஒரு தலைவரைச் சேர்ந்தே தேர்ந்தெடுக்கிறோம்.

நான் கோபத்தில் கத்தினேன். “அப்பா உன் முகத்தைப் பார்க்கணும்னு உக்காந்திருக்கார். தற்காலிகத்துக்கு இவ்வளவா?”

“தற்காலிகம்னா பாதியில விட்டுட்டு வர்றதில்லடா சேது,” என்றாள். “நான் இப்பப் போனா மறுபடி ரெண்டு சுவரோரமாப் போயிடுவாங்க.” அவளும் அப்பாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

தனியாகக் கப்பல் ஏறினேன்.

ஏப்ரல் கடைசியில் அக்கா வந்து சேர்ந்தாள். இரு பக்கமும் சேர்ந்து ரேமோனின் மருமகளைத் தலைவியாக்கியிருந்தார்கள். அப்பாவின் பார்வை பிப்ரவரியிலேயே முழுக்கப் போய்விட்டது. அவர் இரண்டு கையாலும் அக்காவின் முகத்தை நெற்றியிலிருந்து தாடை வரை தடவிப் பார்த்தார். “இளைச்சிட்டே” என்றார்.

இரண்டாம் முறை போனது அக்கா இறந்த மறு வருடம். போக நினைப்பவர்களுக்கு: விமான நிலையம் பிளேன் மாக்னியன் பக்கத்திலேயே இருக்கிறது, வாடகைக் காரில் பேரம் பேசியே ஏறுங்கள். கூடம் வியாழனும் ஞாயிறும் மட்டும், பத்திலிருந்து மூன்று வரை. கட்டணம் இல்லை. செம்மண் பாதை, மழையில் வழுக்கும், பிடிப்பான செருப்பு வேண்டும். குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள். அங்கே தமிழில் பேச்சு வளராது. ஆனால் பலகையிலுள்ள பெயர்களைச் சத்தமாகப் படியுங்கள். நாம் உச்சரிக்கும் விதத்தைக் கேட்க ஆட்கள் அருகே வந்து நிற்பார்கள்.

அக்காவுக்கு எழுபது வயதானபோது, வா, நாம் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாம், டிக்கெட் நான் எடுக்கிறேன் என்று கூப்பிட்டேன். மழை பெய்தால் இங்கே கரும்பு வாசம் வரவில்லையே என்று அந்த வயதிலும் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்.

“வேண்டாம்டா. அங்க இருந்தப்ப உங்களுக்காக ஏங்கினேன், இங்க வந்து அவங்களுக்காக. இனி ஒரு தடவை இடம் மாத்தி ஏங்க உடம்புல தெம்பில்ல,” என்றாள்.