எண்பதுக்கு மேல்தான் இழுக்கும்

பைக்கில் இழுவை குறைந்துவிட்டது, இன்ஜின் ஹெட்டைக் கழற்றிக் கரியை மட்டும் சுத்தம் செய்யுங்கள் என்றுதான் திருமலைராயன்பட்டினத்து மெக்கானிக் ஜாபர் பாயிடம் விட்டிருந்தேன்.

இன்று காலை எடுக்கப் போனால் மனிதர் முகமெல்லாம் சிரிப்பு.

“கரியைச் சுரண்டிட்டேண்ணே. அப்படியே காத்து உள்ள போற வழியையும் கிரைண்டர் போட்டுப் பெருசாக்கிட்டேன். ரேஸ் வண்டிக்கெல்லாம் இதான் பண்றாங்க. உங்களுக்காக ஆசையா பண்ணது, காசு வேணாம்.”

ஆசையாகச் செய்தவரிடம் எப்படிக் கோபப்படுவது? நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

நான் வேலை பார்க்கும் லாட்ஜ் திருநள்ளாறு கோயிலுக்குப் பக்கத்தில். இன்றைக்குச் சனிக்கிழமை வேறு. கூட்டத்துக்குள் மெதுவாக நுழைந்ததும் வண்டி இருமிவிட்டு நின்றது. கிளப்பினேன், மறுபடி நின்றது. குளத்தில் குளித்துவிட்டு ஈரத்தோடு வந்த பக்தர் ஒருவர், “தள்ளி விடவா தம்பி?” என்று கேட்டு, லாட்ஜ் வாசல் வரை தள்ளியும் விட்டார்.

பாய்க்குப் போன் போட்டேன்.

“மெதுவா போனா அப்படித்தாண்ணே இருக்கும். வழி பெருசாயிட்டுல்ல, காத்து சோம்பலாத்தான் வரும். எண்பதைத் தாண்டிப் பாருங்க, பிச்சிக்கிட்டுப் போவும்!”

“பழையபடி ஆக்க முடியாதா பாய்?”

“சுரண்டி எடுத்த அலுமினியத்தை எப்படிண்ணே திரும்ப ஒட்டுறது?”

எங்கள் காரைக்கால் புதுச்சேரிக்காரர்களின் உள்ளங்கை அளவு ஊர்; இங்கே நான் எண்பதைத் தொடுவதற்குள் தமிழ்நாடு வந்துவிடும்.

வண்டியை மாற்ற வழியில்லை. தஞ்சாவூர் பக்கம் ஏதாவது லாட்ஜில் வேலை இருந்தால் சொல்லுங்கள். தினமும் போய்வர வண்டி தயார்.