'சாப்டியா' என்று அடித்தவர்

1991இல் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலை ஸ்டோர்ஸில் நான் கிளார்க். அங்கிருந்த ஒரே கம்ப்யூட்டர் ஒருநாள் கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது. மெட்ராஸிலிருந்து ஒல்லியான சர்வீஸ்காரர் ஒருவர் பஸ் பிடித்து வந்தார். பிளாப்பிகளை ஒவ்வொன்றாகப் போட்டு டாஸ் சாஃப்ட்வேரை மறுபடி ஏற்றினார். திரைக்கு உயிர் வந்ததும், ஆங்கில எழுத்துகளில் 'சாப்டியா' என்று அடித்து, சற்று நேரம் பார்த்துவிட்டு அழித்தார்.

"யார சார் கேக்கறீங்க?" என்றேன்.

"எங்க போனாலும் இத்தத்தான் அடிச்சுப் பாப்பேன் சார். வூட்ல நம்மள கேக்க ஆளு இல்ல."

கேன்டீனுக்கு அழைத்துப் போனேன். எதிரே உட்கார்ந்து, அவசரமே இல்லாமல் சாப்பிட்டார்.

"மறுபடி மக்கர் பண்ணா சொல்லி அனுப்புங்க சார். நானே வரேன்."

அவர் வேலை அவ்வளவு சுத்தம். நான் அங்கே இருந்தவரை அந்தக் கம்ப்யூட்டர் பழுதாகவே இல்லை. அவரைக் கூப்பிட எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.