ஜெயதாஸ் அண்ணன் எல்லைக்கு அப்புறம் விட்ட நாய்

என் காலைக் கடித்த நாயைப் பற்றி நான் நல்ல வார்த்தை சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் ஜெயதாஸ் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அந்த நாயை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

கேரள எல்லையோரம், குன்னத்துகாலில் எங்கள் பக்கத்து வீடு அவருடையது. ரப்பர் வெட்டுவது தொழில். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் கேட்டால், "இனி எவ வருவா எப்சி" என்று சிரிப்பார். துணைக்குக் கைசர் என்று ஒரு செவலை நாய். சாயங்காலமானால் அதை மடியில் போட்டு உண்ணி பொறுக்குவார். சைக்கிள் கேரியரில் ஒரு மரப்பெட்டியைக் கட்டி, அதில் அதை உட்காரவைத்துப் பாறசாலைச் சந்தைக்குப் போவார். மீன் தலையை வேகவைத்து, முள்ளெல்லாம் எடுத்து, மரச்சீனிக் கிழங்கோடு பிசைந்து வைப்பார். "கெட்டின பெண்ணுக்குக்கூட ஒருத்தனும் முள்ளு எடுத்துக் குடுக்கமாட்டான் அண்ணே" என்று நான் கேலி செய்வேன்.

நான் தையல்காரி. தொண்ணூற்று நாலில், ஓணத்துக்கு முந்தின வாரம், தலைக்குமேல் வேலை. அவருடைய சட்டையைத் தைத்து முடித்து, கொடுத்துவிட்டு வரலாம் என்று அவர் முற்றத்துக்கு ஓடினேன். கைசர் வாசலில் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் வாலை மிதித்தேன். மிதித்தது நான்தான், இல்லையென்று சொல்லவில்லை. அது திரும்பி என் கணுக்காலில் பல்லைப் பதித்துவிட்டது.

"எனக்க அம்மோ!" என்று நான் போட்ட கூச்சலில் ஊரே கூடிவிட்டது. எதிர்வீட்டு மோகனன் கம்பிப்பாரையோடு வந்தான். "இது பேப்பட்டி ஆக்கும். தல்லிக் கொல்லணும்" என்றான். நாய்க்கு வெறி பிடித்துவிட்டதாம், அவனாகவே முடிவு செய்துவிட்டான். யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசத் தெரியாத ஜெயதாஸ் அண்ணன் நாய்க்கு முன்னால் போய் நின்றார். எனக்கோ வலி. வாய் சும்மா இருக்குமா? "இந்தச் சனியன எங்கயாவது கொண்டு தொலையுங்க அண்ணே! இனி இத நான் கண்ணால காணப்பிடாது!" என்று கத்தினேன்.

ஆஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றி முதல் ஊசி போட்டார்கள். மொத்தம் பதினாலாம். நாயைக் கட்டிப்போட்டுப் பத்து நாள் பார்க்கச் சொன்னார் டாக்டர். அது நன்றாகத் தின்று குடித்து இருந்தால் பயமில்லை, மிச்ச ஊசியை நிறுத்திவிடலாம். தீனி எடுக்காமல் கிடந்தால் உடனே வந்து சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் நாய் இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேண்டாத நாயைச் சாக்கில் கட்டி, செக்போஸ்டுக்கு அப்புறம் தமிழ்நாட்டில் கொண்டு விடுவோம். மாநிலம் மாறினால் நாய்க்குத் திரும்பி வர வழி தெரியாதாம். நாய் என்ன ரேஷன் கார்டு வைத்திருக்கிறதா? ஆனாலும் எல்லோரும் நம்புகிறோம். அந்தப் பக்கத்துக்காரர்களும் இதே நம்பிக்கையில் தங்கள் நாய்களை இங்கே தள்ளிவிட்டுப் போகிறார்கள்.

"கம்பிப்பாரைக்கு உயிரோட தப்பட்டுமேண்ணு குழித்துறை ஆத்தங்கரையில விட்டுட்டு இப்பதான் வாறேன்" என்றார் ஜெயதாஸ் அண்ணன்.

"எனக்க உயிரையும் சேத்துல்லா சாக்கில கெட்டிட்டீங்க!" என்று அழுதேன். டாக்டர் சொன்னதை என் வீட்டுக்காரர் விளக்கியதும், அண்ணன் முகம் வெளிறிப்போனது. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் சைக்கிளைத் திருப்பினார்.

மறுநாள் மத்தியானம்தான் வந்தார். சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். துண்டில் கட்டிய நாய் இரண்டு முழம் தள்ளி நடந்து வந்தது. பெட்டியில் ஏற மாட்டேன் என்றுவிட்டதாம். குழித்துறையிலிருந்து அத்தனை தூரமும் நடை.

அதற்குப் பிறகு அது தின்னவில்லை. அவர் கிழங்கு வைத்தார், கஞ்சி வைத்தார், கடையில் பன் வாங்கி வைத்தார். முகர்ந்துகூடப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. இரண்டு நாள். நான் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு வந்து படுத்தால் தூக்கம் எங்கே வரும்? எனக்கு முப்பத்தொரு வயது. என் பிள்ளைகளை நினைத்து நினைத்து அழுதேன்.

மூன்றாம் நாள் அவர் வேலிக்கு வந்தார். "மக்கா, அதுக்கு வெறித் தீனம்தான் போலிருக்கு. டாக்டர்கிட்ட சொல்லிரு" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! ஒரு கையில் கம்பும் மறு கையில் எங்கள் வீட்டுச் சோறுமாகப் போனேன். தட்டைக் கம்பால் அதன் முன்னால் தள்ளிவிட்டு, "தின்னு சவமே! நீ தின்னாதான் நான் பொழைப்பேன்" என்றேன். கைசர் என்னைப் பார்த்தது. எழுந்தது. லபக் லபக்கென்று தின்றது, தண்ணீரையும் நக்கிக் குடித்தது.

"அண்ணே, தின்னுது! தீனம் ஒண்ணும் இல்ல!" நான் குதித்தேன். கடிபட்ட கால் என்பதே மறந்துபோனது. அண்ணன் ஓடி வந்தார். அவர் நிழல் தட்டில் விழுந்ததும் நாய் தின்பதை நிறுத்திவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது.

அவர் பின்வாங்கி அடுக்களைக்குள் போனார்; நாய் மறுபடி தட்டில் வாய் வைத்தது.

பத்தாம் நாளும் நாய் நன்றாகத்தான் இருந்தது, எனக்கு ஊசியை நிறுத்திவிட்டார்கள். ஆனால் சோறு வைக்கும் வேலை மட்டும் நிற்கவில்லை. அவர் சமைத்து முள் எடுத்துத் தருவார், நான் கொண்டுபோய் வைப்பேன். கொண்டு தொலையுங்கள் என்று சொன்ன வாய் என்னுடையது, அதை அவர் ஒரு நாளும் சொல்லிக்காட்டவில்லை. தட்டை என் கையில் கொடுத்ததும் அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

உள்ளேயிருந்து மெதுவாகக் கேட்பார்: "தின்னுதா மக்கா?"

"தின்னுது அண்ணே" என்பேன்.