கடற்கன்னிக்கு முன்னால் தலைவர் தவராஜா

டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரில் எங்கள் ஆட்கள் சங்கம் தொடங்கியபோது தலைவர் பதவிக்கு வேறு எவரும் ஆசைப்படவில்லை. பகல் முழுக்க ஹெரிங் மீனுக்குக் குடல் உருவிவிட்டு வருகிறவனுக்குப் பதவி ஆசை எங்கிருந்து வரும்? தவராஜாவுக்கு வந்தது. அவரும் அதே தொழிற்சாலையில் அதே மேசையில்தான் நின்றார். வேலை முடிந்ததும் நகத்துக்கு எலுமிச்சம்பழம் தேய்த்து, கழுத்துப்பட்டி கட்டி, நீளமான கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, வங்கியிலிருந்து வருகிறவர்போல பஸ்ஸில் ஏறுவார். ஊரில் அவர் கூட்டுறவுச் சங்கக் கடையில் அரிசி நிறுத்துக் கொடுத்தவர். டென்மார்க்குக்கு வந்த முதல் கோடையில் அந்தக் கடைக்கு முகாமையாளராகி, அடுத்த குளிருக்குள் பிராந்திய முகாமையாளராகவும் உயர்ந்துவிட்டார். இந்தப் பதவி உயர்வெல்லாம் அவருடைய வாயில்தான் நடந்தது.

ஜேர்மன் எல்லைக்கு அப்பால் போய் அவர் ஒரு கமரா வாங்கி வந்தார். அதன் பிறகு அவர் எதையும் கண்ணால் பார்த்ததாகத் தெரியவில்லை. துறைமுகத்தில் நின்ற கப்பல், வேறு யாருடையதோ பென்ஸ் கார், கொம்யூன் எனும் நகரசபைக் கட்டடத்தின் படிக்கட்டு என்று எதைக் கண்டாலும் கமராவை யாரிடமாவது கொடுத்துவிட்டு அதன் முன்னால் போய் நிற்பார். ஒரு கையைக் கோட்டுப் பையில் விட்டு, முகத்தைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, தூரத்தில் ஏதோ முக்கியமான விடயம் நடக்கிறது போலப் பார்ப்பார். ஊரில் இருந்த அவருடைய சொந்தக்காரர்கள் டென்மார்க்கின் பாதி அவருக்குச் சொந்தம் என்று நம்பியிருந்தால் அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அவருடைய மனைவி செல்வமலரும் பிள்ளைகளும் எண்பத்தேழாம் ஆண்டு வசந்தத்திலேயே வந்து சேர்ந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கதவு மூடிக்கொண்டது. அந்த இலையுதிர் காலத்திலிருந்து நீதி அமைச்சு, இலங்கைத் தமிழ் அகதிகளின் மனைவி பிள்ளைகளை அழைக்கும் விண்ணப்பங்களைக் கையாலும் தொடவில்லை. சட்டப்படி அவர்கள் வரலாம். மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் மறுக்கவும் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரே பதிலைச் சொன்னார்கள். அந்த அமைச்சில் இருந்தவர்களும் நன்றாக உடுத்தவர்கள்தான்.

காத்திருந்த கணவன்மாரில் ஒருவன் யேசுரட்ணம். மன்னார்க் கரையில் படகு இயந்திரம் திருத்தியவன். மனைவி லூர்தம்மாவையும், அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்த மகள் கிளோறியாவையும் விட்டுவிட்டு வந்திருந்தான். அதிகம் கதைக்காதவன். தொழிற்சாலையில் யாராவது மனைவியைப் பற்றி விசாரித்தால் மட்டும் மீனை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு பதில் சொல்வான்.

எண்பத்தெட்டாம் ஆண்டு ஒக்டோபரில் கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் இஷொயில் இருந்த அந்தோனிதாசன் தொலைபேசியில் ஒரு செய்தி சொன்னான். எங்கள் ஆட்களில் டேனிஷ் ஒழுங்காகப் பேசியவன் அவன். எதிர்க்கட்சிப் பெண் உறுப்பினர் ஒருவர் இந்த விடயத்தைப் பாராளுமன்றத்தில் எழுப்ப விரும்புகிறார் என்றும், அதற்கு முன் பாதிக்கப்பட்ட கணவன்மாரின் வாயாலேயே கேட்க வேண்டும் என்கிறார் என்றும் சொன்னான். பத்திரிகை நிருபர் ஒருவரும் கூட இருப்பாராம். வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு, பாராளுமன்றம் இருக்கிற கிறிஸ்தியான்ஸ்போர்க்கில். வந்து கதைத்தால் போதும், வேறு ஒன்றும் தேவையில்லை என்றான்.

சங்கம் பஸ் பிடித்தது. தவராஜா அறிவித்தல் எழுதி ஒட்டினார். ‘கொப்பன்ஹேகன் சுற்றுலாவும் கலந்துரையாடலும்’ என்று தலைப்பு. வட்டக் கோபுரம், அரண்மனை, கடற்கன்னிச் சிலை, திவோலிப் பூங்கா எல்லாம் வரிசையாக இருந்தன. கடைசியில், ‘பிற நிகழ்ச்சிகள்’ என்பதன் கீழே பாராளுமன்றம் இருந்தது. அது பிழையில்லையா என்று யேசுரட்ணம் மெல்லக் கேட்டதற்கு, நேர ஒழுங்குப்படிதான் எழுதியிருப்பதாகத் தலைவர் விளக்கம் கொடுத்தார்.

வியாழக்கிழமை புறப்பட்டார்கள். நீபோர்க்குக்குப் பக்கத்தில் பஸ்ஸோடு கப்பலில் ஏறிக் கடலைக் கடந்தபோது தவராஜா மேல்தளத்துக்குப் போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். காற்றில் கோட்டு விரிந்தது. அதையும் படம் எடுக்கச் சொன்னார். கீழே யேசுரட்ணம் கோப்பிக் கடை மேசையில் இருந்து, நாளைக்குச் சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். டேனிஷில் சில வசனங்களைப் பழகியிருந்தான். என் மகள் என்னை அடையாளம் காணமாட்டாள் என்பது அவற்றில் ஒன்று.

இஷொயில் தங்கி, காலையில் நகரத்துக்குள் இறங்கினார்கள். அந்தோனிதாசனுக்கு மத்தியானம் வரை வேலை. இரண்டு மணிக்கு நேரே பாராளுமன்ற வாசலுக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். பஸ்காரன் மாலையில் வந்து ஏற்றுவதாகச் சொல்லிப் போய்விட்டான். அதற்குப் பிறகு நகரமும் நேரமும் தவராஜாவின் கையில் இருந்தன.

திவோலி கோடையோடு பூட்டியாயிற்று என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. பூட்டிய வாசலின் முன்னால் எல்லாரையும் நிறுத்தி, உள்ளே போய்விட்டு வந்தவர்கள்போலச் சிரிக்கச் சொன்னார். வட்டக் கோபுரத்துக்குப் படிகள் இல்லை. சுற்றிச் சுற்றி ஏறும் சரிவான பாதை. அந்தக் காலத்தில் அரசன் குதிரையில் ஏறினவன் என்று சொல்லிக்கொண்டே போனவர் பாதி வழியில் மூச்சு வாங்கிச் சுவரில் சாய்ந்தார். அந்த நிலையை மட்டும் படம் எடுக்க விடவில்லை. மேலே செப்புக் கூரைகளும் தேவாலயக் கோபுரங்களும் மங்கல் வெயிலில் பச்சையாகத் தெரிந்தன. நானூறு வருடக் கட்டடங்களைப் பார்த்து அவர் சொன்ன ஒரே சொல், “படத்துக்கு வெளிச்சம் காணாது” என்பது.

அமாலியன்போர்க் அரண்மனையில் மத்தியானக் காவல் மாற்றம் நடந்தது. கரடித் தொப்பி போட்ட சிப்பாய்க்குப் பக்கத்தில் போய்த் தவராஜா விறைத்து நின்றார். சிப்பாய் சத்தமாக ஏதோ கத்தினான். விலகிப் போ என்பதுதான் அது. தனக்கு மரியாதை செய்கிறான் என்று நினைத்துத் தலைவர் தலையை அசைத்து ஏற்றுக்கொண்டார். சுற்றி நின்ற வெள்ளையர்கள் சிரித்தார்கள். அதையும் ஏற்றுக்கொண்டார்.

அங்கிருந்து கடற்கரையோரமாகக் கடற்கன்னிச் சிலைக்கு நடந்தார்கள். யேசுரட்ணம் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கியது அந்த வழியில்தான். சிலை இடுப்பளவு உயரம்கூட இல்லாத மாதிரித் தெரிந்தது. இதற்கா இவ்வளவு தூரம் நடந்தோம் என்று இரண்டு மூன்று பேர் முணுமுணுத்தார்கள். சிலையைச் சுற்றி ஒரு ஜேர்மன் சுற்றுலாக் கூட்டம். அவர்கள் போகும் வரை காத்திருக்க வேண்டும் என்று தவராஜா முடிவெடுத்தார். அவர்கள் போனார்கள், கமராவில் பிலிம் முடிந்திருந்தது. காற்றுக்கு முதுகைக் காட்டி, கோட்டுக்குள் கமராவை வைத்துப் புதுப் பிலிமை ஏற்றினார். அது மாட்டுப்பட்டது. கழற்றி மறுபடி ஏற்றினார். அதற்குள் இன்னொரு கூட்டம் வந்துவிட்டது.

“அண்ணை, ரண்டு மணிக்கெல்லோ சொன்னவ,” என்றான் யேசுரட்ணம்.

“தலைவர் இல்லாமல் கூட்டம் தொடங்காது தம்பி. அவையள் காத்திருப்பினம்.”

யேசுரட்ணம் திரும்பி நகரப் பக்கம் நடக்கத் தொடங்கினான். வழி தெரியாது, கேட்டுப் போகலாம் என்று நினைத்திருப்பான். தவராஜா எல்லாருக்கும் கேட்கும்படி கூப்பிட்டார்.

“நீர் தனியப் போய் என்னத்தைக் கதைக்கப்போறீர்? உம்மடை டேனிஷுக்கு வாசலில நிக்கிறவனே உள்ளுக்கு விடான்.”

சிலர் சிரித்தார்கள். யேசுரட்ணம் நின்றான். பிறகு திரும்பி வந்தான். அவன் திரும்பி வந்ததைத் தவராஜா தன் தலைமைக்குக் கிடைத்த வெற்றியாக எடுத்துக்கொண்டு, அவனைப் பெருந்தன்மையோடு நடுவில் நிறுத்தினார். அவன் முகம் சரியில்லை என்றார். லூர்தம்மாவுக்கு இந்தப் படத்தை அனுப்பலாம், அழுத முகத்தைப் பார்த்தால் அவள் பயந்துபோவாள், அவளுக்காகவாவது சிரியும் என்றார். அந்தப் பேச்சு வேலை செய்தது. யேசுரட்ணம் கடற்கன்னிக்கு முன்னால் நின்று, பல் தெரியச் சிரித்தான்.

லூர்தம்மாவுக்கு அனுப்பலாம் என்றது வெறும் பேச்சு. அந்தக் கமராவில் இருந்தது திரையில் போட்டுக் காட்டுகிற சிலைட் பிலிம். கடுதாசியில் படம் வராது. அது தவராஜாவுக்கு நன்றாகத் தெரியும்.

கிறிஸ்தியான்ஸ்போர்க்குக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மூன்றை நெருங்கியிருந்தது. அந்தோனிதாசன் படிக்கட்டில் தனியாக நின்றான். அந்தப் பெண் உறுப்பினர் நாற்பது நிமிடத்துக்கு மேல் இருந்துவிட்டு அடுத்த கூட்டத்துக்குப் போய்விட்டார். நிருபர் அதற்கு முதலே போய்விட்டான்.

“கணவன்மார் எங்கை எண்டு கேட்டவ,” என்றான் அந்தோனிதாசன். “நான் என்னத்தைச் சொல்லுறது? என்ரை மனுசி இஞ்சைதானே, வீட்டில உங்களுக்குச் சமைச்சுக்கொண்டு இருக்கிறா.”

தவராஜா ஜேர்மன்காரர்களைக் குறை சொன்னார். பிலிம் செய்த கொம்பனியைக் குறை சொன்னார். இந்த நாட்டில் விருந்தாளிக்காகக் காத்திருக்கத் தெரியாது என்றார். இதெல்லாம் சொல்லி முடித்ததும், பாராளுமன்றக் கதவில் கை வைத்தபடி தன்னை ஒரு படம் எடுக்கச் சொல்லி அந்தோனிதாசனிடமே கமராவை நீட்டினார். அந்தோனிதாசன் வாங்கி எடுத்துக் கொடுத்தான். படம் கழுவி வந்தபோது கதவு முழுதாக இருந்தது. தவராஜா கழுத்துக்குக் கீழே மட்டும் இருந்தார்.

இன்னொரு வெள்ளிக்கிழமை வரலாம் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தார். நத்தார்ப் பண்டிகைக்கு முன்பு தொழிற்சாலையில் மறுபடி லீவு கொடுக்கவில்லை. புது வருடம் பிறந்து முதல் கிழமையில் லூர்தம்மா இறந்துபோனாள். மகளின் காய்ச்சலுக்கு மருந்து எடுத்துவிட்டு அவள் திரும்பி வந்த பஸ், இராணுவத்துக்கும் இயக்கப் பொடியன்களுக்கும் நடந்த சண்டையின் நடுவில் அகப்பட்டது. பிள்ளை அவளுக்குக் கீழே கிடந்து தப்பியது.

அந்த ஒரு சந்திப்பு நடந்திருந்தால் லூர்தம்மா தப்பியிருப்பாள் என்று எவரும் சொல்லவில்லை. அது உண்மையும் அல்ல. அவளை அங்கே பிடித்து வைத்திருந்தது அமைச்சு. அங்கே மேசைகளில் இருந்தவர்களுக்கு அவள் பெயரும் தெரியாது. ஆனால் தன் மனைவியைப் பற்றி ஒரு மனிதன் ஒரு மனிதரிடம் வாய் திறந்து சொல்லியிருக்கலாம். அந்த அரைமணி நேரத்தைத்தான் தவராஜா ஒரு சிலைக்குப் பக்கத்தில் செலவழித்தார்.

லூர்தம்மாவுக்காகப் பூசை வைத்தபோது அவர் கமராவோடு வந்தார். அதைக் காருக்குள் வைத்துவிட்டு வரும்படி செல்வமலர் தேவாலய வாசலில் வைத்து அவர் காதுக்குள் சொன்னாள். அவர் கேட்கவில்லை. அதற்குப் பிறகு பல கிழமை யேசுரட்ணத்துக்கு இரவுச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள்தான். அதைப் பற்றி அவள் வெளியே ஒரு சொல் பேசியதில்லை.

வசந்தத்தில் அமைச்சு விண்ணப்பங்களைத் திரும்பவும் கையில் எடுத்தது. யேசுரட்ணத்தின் மனைவிக்கும் மகளுக்கும் அனுமதி கிடைத்தது. ஊர்க்காரப் பெண் ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு கிளோறியா மட்டும் விமான நிலையத்தில் வந்து இறங்கினாள். தகப்பனை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஜனவரியில், அமைச்சு விண்ணப்பங்களை முடக்கியதை விசாரித்தவர்களின் அறிக்கை வெளிவந்து அரசாங்கம் பதவி விலகியது. டென்மார்க் முழுக்க எங்களைப் பற்றிப் பேசினார்கள். தவராஜா ஒரு மண்டபத்தை எடுத்து வெற்றி விழா வைத்தார். வடை, பற்றிஸ், பிள்ளைகளின் நடனம், பிறகு ‘எமது போராட்டம்’ என்ற தலைப்பில் சிலைட் காட்சி. விளக்கை அணைத்துவிட்டு அவர் மெசினுக்குப் பக்கத்தில் நின்று விளக்கம் சொன்னார். கப்பல் வந்தது. பூட்டிய திவோலி வந்தது. கரடித் தொப்பிச் சிப்பாய் வந்தான். தலையில்லாத படத்தை அவர் சேர்க்கவில்லை. பாராளுமன்றத்தில் நாங்கள் அன்று அழுத்தம் கொடுத்திராவிட்டால் இன்றைக்கு இந்த அரசாங்கம் விழுந்திருக்குமோ என்று இருட்டுக்குள் கேட்டார். சிலர் கைதட்டினார்கள்.

அடுத்து கடற்கன்னி வந்தாள். அவளுக்கு முன்னால் யேசுரட்ணம் சிரித்துக்கொண்டு நின்றான், சுவரின் அகலத்துக்கு.

கிளோறியா நாலாவது வரிசையில் தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்தாள். அவள் எப்போதும் அவனோடு டேனிஷில்தான் கதைப்பாள். இதைத் தமிழில் கேட்டாள்.

“அப்பா, அப்ப அம்மா உயிரோட இருந்தவவோ?”

யேசுரட்ணம் ஓம் என்றான். எழுந்து, கதிரைகளுக்கு நடுவால் மெசினை நோக்கி நடந்தான். அவனுடைய நிழல் சுவரில் விழுந்து கடற்கன்னியை மறைத்தது. தவராஜா பேச்சை நிறுத்தவில்லை. யேசுரட்ணம் மெசினுக்குள் விரலை விட்டு அந்தச் சிலைட்டை எடுத்தான். சுவர் வெறும் வெள்ளையாக நின்றது.

“அது சங்கத்தின்ரை சொத்து,” என்றார் தவராஜா.

இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பின்னால் செல்வமலர் மண்டபத்து விளக்குகளைப் போட்டுவிட்டாள். வெளிச்சத்தில் தவராஜா கையில் ஒரு நீளக் கம்போடு, சுவரைச் சுட்டிக்காட்டியபடி நின்றார்.

“விடுங்கோ, அவர் கொண்டு போகட்டும்,” என்றாள் அவள். அத்தனை பேருக்கு முன்னால் அவள் அவரிடம் பேசியது அதுதான் முதல்முறை. யேசுரட்ணம் மகளுக்குக் குளிர்ச்சட்டையைப் பூட்டிவிட்டு வெளியே கூட்டிக்கொண்டு போனான். அந்த வருடத்தோடு அவர்கள் வைலே நகருக்கு மாறிப் போனார்கள். அங்கே அவனுக்கு இயந்திரம் திருத்துகிற வேலை கிடைத்தது.

மண்டபத்தில் அன்று தேநீர் ஆறுவதற்குள் எல்லாரும் பழையபடி கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். பங்குனியில் நடந்த பொதுக்கூட்டத்தில் தவராஜாவை எதிர்த்து எவரும் கை உயர்த்தவில்லை. கோடையில் சங்கம் அவர் தலைமையில் பாரிஸுக்குச் சுற்றுலா போனது. பஸ்ஸில் இடம் போதாமல், பின்னால் இரண்டு காரும் போயின.