பொந்திலிருந்து குதித்த சிறகிக் குஞ்சுகள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், கல்யாணமாகிப் புதுச்சேரி முத்தியால்பேட்டைக்கு வந்த புதிதில் நடந்தது இது. எங்கள் கொல்லையில் பெரிய இலுப்பை மரம் ஒன்று இருந்தது. அந்த ஆடி மாதம் அதன் பொந்தில் ஒரு சிறகி ஜோடி குடிவந்தது. சிறகி வாத்து இனம்தான். ஆனால் மரப்பொந்திலும் முட்டையிடும். சீழ்க்கையடிப்பது போலக் கத்தும்.

எங்கள் முதல் குழந்தை பிறந்து சில நாளிலேயே போய்விட்டிருந்தது. வீட்டுக்காரர் மில்லுக்குக் கிளம்பியதும் வீடு வெறிச்சென்றாகிவிடும். கொல்லைப் படியில் உட்கார்ந்து பொந்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கிருந்த ஒரே பயம் அடுத்த வீட்டுக்காரர்தான்.

அவர் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். தெருவில் எல்லோருக்கும் அவர் 'சொல்தா'; பிரெஞ்சில் சிப்பாய் என்று அர்த்தம். தனி ஆள். ஞாயிற்றுக்கிழமைகளில் துப்பாக்கியோடு ஊசுட்டேரிக்குப் போய்ச் சிறகிகளைச் சுட்டு வருவார். எங்களுக்கும் ஒன்று கொடுத்தனுப்புவார். நான் தொடமாட்டேன். அவர் முகத்தைப் பார்த்துப் பேசியதுகூட இல்லை.

மழை விட்டிருந்த ஒரு காலையில் தாய்ப்பறவை மரத்தடியில் நின்று கூப்பிட்டது. பொந்திலிருந்து பஞ்சு உருண்டை மாதிரி ஒரு குஞ்சு குதித்தது. பின்னாலேயே இன்னொன்று. அத்தனை உயரத்திலிருந்து ஈரமண்ணில் விழுந்தும், உடம்பை உதறிக்கொண்டு எழுந்து நடந்தன. பெரியவை இரண்டும் அவற்றை வேலிச் சந்து வழியாகத் தெருவுக்குக் கூட்டிப்போயின. தெருக்கோடியில் குளம் இருந்தது. அதற்குள் காக்கைகள் கூடிவிட்டன. நான் முறத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

தெருவில் அவர் நின்றிருந்தார். கையில் துப்பாக்கி.

"சுட்டுடாதீங்கய்யா!" குறுக்கே போய் நின்றேன்.

அவர் முகம் சுருங்கிப்போனது. "குஞ்சும் குளுவானுமா போறத யாராச்சும் சுடுவாங்களாம்மா? முட்ட வைக்கிற காலத்துல நான் ஏரிப் பக்கமே போறதில்ல. துப்பாக்கியத் தொடச்சிக்கிட்டிருந்தேன், சத்தம் கேட்டு அப்படியே வந்துட்டேன். இந்தா, இதப் புடி. தோட்டா இல்ல. முறத்த இங்க குடு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆடியிலிருந்தே அவர் வீட்டிலிருந்து பறவை எதுவும் வரவில்லை.

அவர் முறத்தை வீசிக் காக்கைகளை விரட்டிக்கொண்டே போனார். நான் துப்பாக்கியோடு பின்னால் நடந்தேன். எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர் என் கையிலிருந்ததைப் பார்த்து மிரண்டு, சொல்லாமலே வண்டியை நிறுத்திவிட்டார். வண்டிக்காரர் நின்ற கோலத்தைப் பார்த்து, பல மாதத்துக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது.

குளம் நெருங்கும்போது கடைசிக் குஞ்சு சாக்கடைக் கல்லின் இடுக்கில் விழுந்துவிட்டது. உள்ளேயிருந்து கீச்சென்று சத்தம் மட்டும் வந்தது. சொல்தா சேற்றில் குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டார். எட்டவில்லை. சட்டையெல்லாம் சாக்கடை. எனக்குச் சங்கடமாகிவிட்டது.

"போதும் எழுந்திருங்கய்யா. ஒண்ணுதானே."

அவர் தலையைத் தூக்கவில்லை. "பெத்தவளுக்கு அப்படி இருக்குமாம்மா? ஒனக்குத் தெரியாததா?"

நான் நடுத்தெருவில் துப்பாக்கியைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமல், முழங்கையில் ரத்தம் வரும் அளவுக்கு இன்னும் உள்ளே துழாவி, குஞ்சை வெளியே எடுத்துவிட்டார். தண்ணீரில் விட்டதும் அது மற்றவற்றோடு போய்ச் சேர்ந்துகொண்டது.

மழைக்காலம் முடிந்ததும் அவர் மறுபடி ஏரிக்குக் கிளம்பினார். நான் அதற்காக அவரோடு சண்டைகூடப் போட்டிருக்கிறேன். ஆனால் ஊரே "அடுத்தது பொறக்கும், அழாத" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தபோது, போன ஒன்று எவ்வளவு பெரியது என்று எனக்காகச் சொன்னவர் அவர் ஒருவர்தான். இன்றைக்கும் யாரையாவது ஈவிரக்கம் இல்லாதவர் என்று சொல்ல வாயெடுத்தால், பாதியிலேயே நிறுத்திக்கொள்கிறேன்.